சி வாசலின் வாய்க்கால்

உதயகுமாரி என்ன படித்தவள் என்று யாராவது கேட்டால், அவளுடைய அம்மா சற்று யோசித்துவிட்டு, "களிமண் படிச்சவள்" என்று பதில் சொல்வார். அதில் கேலி எதுவும் இல்லை. வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்குப் பிடிபடவில்லை, அவ்வளவுதான். ஒஸ்லோவில் இருக்கும் சொந்தக்காரர் வீடுகளில் பிள்ளைகள் மருத்துவம் படித்தார்கள், கணினி படித்தார்கள், ஒருத்தி விமானம் ஓட்டக்கூடப் படித்தாள். உதயகுமாரி மட்டும், நாலாயிரம் வருடங்களுக்கு முன் சுமேரியாவில் வாய்க்கால் தூர்வாரிய ஆட்களைப் பற்றிப் படித்தாள்.

அந்த ஆசை நோர்வேயின் வடகோடியிலுள்ள ஹம்மர்பெஸ்டில் பிடித்தது. அப்பா அங்கே மீன் ஆலையில் வேலை செய்தார். அம்மாவும் அவளும் யாழ்ப்பாணத்திலிருந்து அவரிடம் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கும் வயது. சூரியன் எழும்பாத மாதமொன்றில் வகுப்பு ஆசிரியை திரையில் ஒரு படம் காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்கும் களிமண் பலகை, அதன் மேல் குருவி நடந்துபோன மாதிரிக் கீறல்கள். ஈராக்கின் தெற்கே, இரண்டு ஆறுகளுக்கு நடுவே, மழை போதாத சமவெளியில் வாழ்ந்த மனிதர்கள் எழுதியது என்றார். ஆற்றுத் தண்ணீரை வாய்க்கால் வழியே கொண்டுவந்தால்தான் அங்கே வாற்கோதுமை விளையும். ஆனால் ஆறு தண்ணீரை மட்டும் கொண்டுவராது, சேற்றையும் கொண்டுவரும். சேறு படிந்து படிந்து வாய்க்கால் தூர்ந்துபோகும். வருடாவருடம் ஆட்களைத் திரட்டி வெட்டி எடுக்காவிட்டால் ஊர் பட்டினி கிடக்கும். எத்தனை ஆட்கள் வேலைக்கு வந்தார்கள், ஆளுக்கு எவ்வளவு மண் அள்ளினார்கள், எவ்வளவு தானியம் கொடுக்கப்பட்டது என்பதைத்தான் அந்தப் பலகைகள் பலவற்றில் எழுதிவைத்தார்கள். மற்றப் பிள்ளைகள் அரசனையும் கோயில் கோபுரத்தையும் வரைந்தபோது, உதயகுமாரி குனிந்து மண் வெட்டும் ஒரு வரிசை மனிதர்களை வரைந்தாள்.

பிறகு குடும்பம் ஒஸ்லோவுக்கு வந்தது. அவள் பல்கலைக்கழகத்தில் அந்த எழுத்தையும் அந்த மொழியையும் பிடிவாதமாகப் படித்தாள். வாய்க்கால் வேலைக்கு ஆட்களைத் திரட்டிய முறை பற்றியே முதுகலை ஆய்வும் எழுதினாள். முனைவர் பட்டத்துக்கான இடம் வேறொருவருக்குப் போனது. அழுதாள், இரண்டு மாதம் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை, பிறகு ஆசிரியப் பயிற்சிக்குப் போய், நகரின் கிழக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியையாக அமர்ந்தாள். சுபேசனைக் கட்டினாள். அவனுக்குப் பக்கத்து நகரமான லில்லெஸ்ட்ரோமில் ஒரு மின்சாரக் கம்பனியில் வேலை, காலையில் ரயிலேறி மாலையில் திரும்புபவன். இருவரும் உல்வெலியா என்ற கூட்டுக் குடியிருப்பில் ஒரு வீடு வாங்கினார்கள். காட்டை ஒட்டிய சரிவில், நான்கு வாசல்கள் உள்ள நீண்ட மாடிக் கட்டடம். ஏ, பி, சி, டி என்று வாசல்களுக்குப் பெயர். அவர்கள் வீடு சி வாசலில்.

காட்டிலிருந்து ஒரு சிற்றோடை இறங்கி, கட்டடத்தின் பின்னால் ஒரு வாய்க்காலாக ஓடி, சி வாசலுக்கு நேரே இரும்புக் கம்பி அடைப்பொன்றைத் தாண்டி நிலத்தடிக் குழாய்க்குள் விழும். பல வருடங்களாக அதை யாரும் கவனிக்கவில்லை. மண்ணும் இலையும் வேரும் சேர்ந்து வாய்க்கால் பாதி நிரம்பிக் கிடந்தது. ஒரு வசந்தகாலத்தில் பனி வேகமாக உருகியபோது தண்ணீர் வழிதவறி நிலவறைக்குள் புகுந்துவிட்டது. பனிச்சறுக்குப் பலகைகள், குழந்தைத் தொட்டில்கள், பொங்கல் பானைகள் எல்லாம் சேற்றில் ஊறின. நகரசபையிடம் கேட்டார்கள். வாய்க்கால் குடியிருப்பின் காணிக்குள் இருப்பதால் அதைப் பராமரிப்பது குடியிருப்பின் பொறுப்பு என்று பதில் வந்தது.

அப்போது நிர்வாகக் குழுவின் தலைவியாக இருந்தவர் மேரின். ஓய்வு பெற்ற தாதி, உயரமான பெண்மணி, பி வாசலில் தனியாக இருப்பவர். டுக்னாட் நடத்தியே வாய்க்காலை வெட்டிவிடலாம் என்றார் அவர். டுக்னாட் என்பது நோர்வேக்காரர் உயிராக மதிக்கும் வழக்கம். எல்லாரும் கூடி, கூலி இல்லாமல், பொது வேலையைச் செய்து முடிப்பது. நம்மவர்கள் அதைச் சிரமதானம் என்பார்கள். குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த உதயகுமாரி அந்தக் கூட்டத்தில் வாய் தவறித் தன் ஆய்வைப் பற்றிச் சொல்லிவிட்டாள். மேரினுக்கு ஒரே சந்தோஷம். வாய்க்கால் வெட்ட ஆள் திரட்டுவதைப் பற்றி நாலாயிரம் வருடக் கதை தெரிந்தவளே கையில் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது என்று அந்த இடத்திலேயே பொறுப்பை அவளிடம் கொடுத்துவிட்டார்.

உதயகுமாரிக்கும் அது பிடித்திருந்தது. படித்த படிப்பு எதற்காவது உதவுகிறதே என்று நெஞ்சு நிமிர்ந்தது. பழைய முறையையே எடுத்தாள். வாய்க்காலை நான்கு துண்டாகப் பிரித்து வாசலுக்கு ஒரு துண்டு கொடுத்தாள். கம்பி அடைப்பை ஒட்டிய கடைசித் துண்டு சி வாசலுக்கு. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு மேற்பார்வையாளர், சி வாசலுக்கு அவளே. எவர் பங்கு எவ்வளவு முடிந்தது என்று எல்லாரும் பார்க்கும்படி நுழைவாயில் அறிவிப்புப் பலகையில் ஒரு படம் ஒட்டினாள். முடிந்த பகுதிக்கு நீல நிறம், முடியாததற்கு வெறும் வெள்ளை.

புரட்டாதிச் சனிக்கிழமைகளில் வேலை தொடங்கியது. ஆச்சரியப்படும்படி ஆட்கள் வந்தார்கள். ஏ வாசலுக்கு மேற்பார்வையாளராக இருந்த குகநேசன், விளையாட்டுப் போட்டி நடத்துகிறவர் மாதிரி ஆட்களை விரட்டி விரட்டி வேலை வாங்கினார். வாசலுக்கு வாசல் போட்டி வந்துவிட்டது. ஒருபக்கம் வாஃபிள் சுட்டார்கள், ஒருபக்கம் ரோல்ஸ் பொரித்தார்கள். ஏயும் பியும் நீலமாயின. டியும் கிட்டத்தட்ட நீலம். சி மட்டும் வெள்ளையாகவே நின்றது. அந்த வாசலில் இரண்டு வீட்டில் வயோதிபர்கள், ஒரு வீட்டில் கைக்குழந்தை. மண் வெட்டத் தெம்பிருந்தும் வராதவன் ஒருவன்தான். மூன்றாம் மாடிப் பிலேந்திரன்.

பிலேந்திரன் மன்னார்க்காரன், முப்பத்தைந்து வயது மதிக்கலாம், நகரப் பேருந்து ஓட்டுநர். மனைவி ஞானமலர் பாலர் பள்ளியொன்றில் சமையல் வேலை. பிள்ளை இல்லை. படிக்கட்டில் கண்டால் சிரிப்பான், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான், ஆனால் நின்று கதைக்கமாட்டான். குடிவந்த காலத்திலிருந்து ஒரு டுக்னாட்டுக்கும் அவன் வந்ததில்லை என்று மற்றவர்கள் சொன்னபிறகுதான் உதயகுமாரி கவனித்தாள். எங்கடை ஆக்களின்ரை மானத்தை வாங்கிறான் என்று குகநேசன் அவளிடம் குறைப்பட்டார். நோர்வேக்காரர்கள் நேரே எதுவும் சொல்லவில்லை. பலகையில் இருக்கும் வெள்ளைத் துண்டைப் பார்ப்பார்கள், பிறகு அவளைப் பார்ப்பார்கள்.

அவள் போய்க் கதவைத் தட்டினாள். பிலேந்திரன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான், பாப்பம் அக்கா என்றான். அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. விசாரித்ததில் அன்று அவனுக்கு வேலையும் இல்லை. மறுபடி போனபோது உள்ளே வானொலி கேட்டது, கதவு திறக்கவில்லை. அவளுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அந்த வாரம் மேரின் ஒரு யோசனை சொன்னார். வாசல் வாசலாகக் கணக்குக் காட்டுவதை விட்டு, வராத வீடுகளின் கதவில் ஒரு சின்னத் துண்டு ஒட்டிவிடலாம். குற்றம் சொல்வதற்கல்ல, நினைவூட்டலுக்குத்தான். உதயகுமாரி மறுக்கவில்லை. தானே எழுதினாள். இந்த வீட்டிலிருந்து ஒருவர் வாய்க்கால் வேலைக்கு வரவேண்டும், பெயர்: பிலேந்திரன். எழுதி, பள்ளிக்கூடம் போகும் வழியில் அவன் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள்.

மாலையில் அவள் திரும்பியபோது பிலேந்திரன் கீழே வாசலில் நின்றான். சீருடை கூட மாற்றவில்லை. கையில் அந்தத் துண்டு, நான்காக மடித்து. சண்டைக்கு நிற்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவன் குரல் உயரவில்லை. கொஞ்சம் வெளியாலை வாங்கோ அக்கா என்று கூட்டிக்கொண்டு போய், குப்பைத் தொட்டிகளுக்கு அப்பால் பிள்ளைகள் விளையாடும் மணற்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள்.

"நீங்கள் தெரியாமல்தான் ஒட்டினனீங்கள். அது எனக்கு விளங்குது," என்றான். "ஆனால் இனி என்ரை கதவிலை ஒண்டும் ஒட்டாதேங்கோ."

அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். தொடங்கியதை முடித்துவிட வேண்டும் போல் இருந்தது அவனுக்கு.

போர் முற்றியிருந்த காலம். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தார்களாம். இருந்த இடத்தில் பாதுகாப்புக்கு மண் அணை கட்ட ஆள் வேண்டியிருந்தது. வீட்டுக்கு ஒருவர். ஒரு காலையில் அவர்கள் இருந்த கொட்டிலின் கதவில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. அதில் அவனுடைய பெயர். அவனுக்குப் பதினேழு வயது, இரண்டு நாளாகக் காய்ச்சல். அண்ணன் சூசைரட்ணம், இவன் நித்திரையாக இருந்தபோது, இவனுடைய பெயரைச் சொல்லிக்கொண்டு வேலைக்குப் போனான். மத்தியானம் பீரங்கிச் செல் விழுந்தது. வெட்டிக்கொண்டிருந்த மண்ணுக்குள்ளேயே அந்த ஆட்கள் புதைந்து போனார்கள்.

"பேர் என்ரை. போனது அண்ணை," என்றான் பிலேந்திரன். "மண்வெட்டியைத் தொட்டால் எனக்குக் கை நிக்காது. நோர்வேக்கு வந்து பாத்திட்டன். ஏலாமல் கிடக்கு."

ஒட்டியது யார் என்று உதயகுமாரி கேட்டாள். கேட்ட பிறகுதான் அது தேவையில்லாத கேள்வி என்று பட்டது.

"ஆராய் இருந்தால் என்ன," என்றான் அவன். "மண்ணுக்குள்ளை கிடக்கிறவனுக்கு அது ஒண்டுதானே."

இதை யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அகதி விண்ணப்பம் பார்த்த அதிகாரிகளை விட்டால் ஞானமலருக்குத் தெரியும், பங்குத்தந்தைக்குத் தெரியும், இப்போது அவளுக்கு. அவள் தலையாட்டினாள். அவன் எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, மேலே போனான்.

உதயகுமாரி அங்கேயே இருந்தாள். அவள் படித்த பலகைகளில் வேலையாட்களின் பெயர்களுக்குப் பக்கத்தில் சில இடங்களில் ஒரு சொல் வரும். செத்தவர் என்பதற்கு ஒன்று, நோயாளி என்பதற்கு ஒன்று, ஓடிப்போனவர் என்பதற்கு ஒன்று. தன் ஆய்வில் அவர்கள் எல்லாரையும் அவள் ஒரே பத்தியில் அடக்கியிருந்தாள். தலைப்பு, 'வேலைக்கு வராதோர்'. அந்த அட்டவணை மிகவும் துப்புரவாக வந்திருக்கிறது என்று பேராசிரியர் பாராட்டியதும் நினைவிருந்தது. ஓடிப்போனவன் ஏன் ஓடினான், அவன் வீட்டிலிருந்து பிறகு யாரைப் பிடித்தார்கள் என்று ஒருநாளும் அவள் கேட்டுப் பார்க்கவில்லை. சிறு பிள்ளையாக அவள் வரைந்த வரிசையில் ஒருவருக்கும் முகம் இருக்கவில்லை.

நுழைவாயிலுக்குப் போய், பலகையிலிருந்த படத்தைக் கழற்றினாள்.

படம் காணாமல் போனது எல்லார் கண்ணிலும் பட்டது. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் அதுதான் முதல் பேச்சு. சி வாசலின் பங்கு முடியாமல் கிடக்கும்போது படத்தை ஏன் எடுத்தாய் என்று மேரின் கேட்டார். நீங்கள் என்று மரியாதை போட்டுக் கதைக்கும் வழக்கம் நோர்வே மொழியில் போய்க் கனகாலம். அதனால் கோபமும் அன்பும் ஒரே சொல்லில்தான் வரும். பிலேந்திரனை இந்த வேலையிலிருந்து விலக்கிவிட வேண்டும் என்றாள் உதயகுமாரி. காரணம் கேட்டார்கள்.

"காரணம் என்னுடையதல்ல. சொல்ல எனக்கு உரிமையில்லை," என்றாள்.

மேரின் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒருவருக்குக் காரணம் சொல்லாமல் விலக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் வந்து நிற்பார்கள், டுக்னாட் என்பதே நம்பிக்கையில் நிற்கிற விஷயம், எல்லாரும் ஒன்று என்பதால்தான் அது நடக்கிறது என்று நிதானமாக விளக்கினார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் உதயகுமாரிக்குக் கஷ்டமாக இருந்தது. டி வாசல்காரர் ஒருவர், தமிழர் என்பதால் அவனைக் காப்பாற்றுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. குகநேசன் தலையைக் குனிந்துகொண்டார்.

அவளுக்குக் காது சுட்டது. என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்தது அவள் படித்ததுதான். சுமேரியாவில் ஒரு கூட்டம் தன் பங்கை முடிக்காவிட்டால் மிச்ச வேலை மேற்பார்வையாளன் தலையில் விழும், அடுத்த வருடமும் தொடரும், செத்தால் வீட்டாரையும் விடாது என்று சொன்னாள். அது நல்ல ஏற்பாடு என்று நான் சொல்லவரவில்லை, ஆனால் சி வாசலுக்கு மேற்பார்வையாளர் நான், மிச்சத்தை நான் வெட்டுகிறேன் என்றாள். மேரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உதயகுமாரி பூட்ஸை மாட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினாள். வெளிச்சம் இருக்கும் மட்டும் வெட்டுவாள். சுபேசன் ரயிலால் இறங்கி வந்து சேர்ந்துகொள்வான். ஏன் என்று அவன் கேட்டான். சொல்லமாட்டேன் என்றாள். சரி என்று தள்ளுவண்டியைப் பிடித்தான். அது அவனுடைய குணம். எழுதுவதற்கு மட்டுமே பழகிய அவள் கைகள் இரண்டாம் நாளே கொப்புளித்தன. ஆளுக்கு இவ்வளவு மண் என்று ஆய்வில் எளிதாக எழுதிவிட்டுப் போன அளவு என்னவென்று முதுகு சொல்லிக்கொடுத்தது. வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஈரமண் மண்வெட்டியை விட மறுத்தது. ஜன்னல்களில் திரைகள் விலகி மூடின. மூன்றாம் மாடி ஜன்னலில் ஞானமலர் நிற்பதை ஒருநாள் கண்டாள். மறுநாள் வாசல் படியில் ஒரு சுடுநீர்ப் போத்தல் நிறைய இஞ்சித் தேநீர் இருந்தது.

அவர்களால் பாதிதான் முடிக்க முடிந்தது. ஐப்பசியில் புயல் வந்துவிட்டது.

காலையிலேயே எச்சரிக்கை விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தை மத்தியானத்தோடு விட்டார்கள். உதயகுமாரி வந்து சேர்ந்தபோது மழை கோடு கோடாக அல்ல, சுவர் மாதிரி நின்றது. லில்லெஸ்ட்ரோம் ரயில்கள் நிறுத்தப்பட்டிருந்தன, சுபேசன் அங்கேயே மாட்டிக்கொண்டான். அவள் பையை வாசலில் எறிந்துவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். காட்டு ஓடை காப்பி நிறத்தில் பொங்கி வந்தது. ஏ, பி, டி துண்டுகளில் தண்ணீர் கச்சிதமாக ஓடியது. வெட்டாத சி துண்டுக்கு வந்ததும் மேலெழுந்து கரையை நக்கியது. அதைவிட மோசம் கம்பி அடைப்பு. முறிந்த கிளைகளும் இலைகளும் மெத்தை மாதிரி அதன் மேல் ஒட்டிக்கொண்டு நிலத்தடிக் குழாயின் வாயை மூடியிருந்தன. குழாய்க்குள் போகவேண்டிய தண்ணீர் குளம் கட்டி நிலவறைக் கதவை நோக்கி ஏறியது.

மற்றவர்கள் முன்பக்கம் நிலவறைப் படிகளில் மணல்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் கத்தினால் கேட்கிற தூரம் இல்லை. மண்வெட்டியை எடுத்துக் கரையை உயர்த்தத் தொடங்கினாள். ஒரு வெட்டு மண் போட்டால் இரண்டு வெட்டு கரைந்து போனது.

அந்த நேரம் பிலேந்திரன் வேலை முடிந்து வந்தான். பாதை மூடியதால் பேருந்துகளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கட்டடத்தின் மூலையில் நின்று அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவள் அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிடக்கூடாது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை நான் இங்கே சொல்லியாகவேண்டும், ஏனென்றால் தண்ணீர் அப்போது அவள் முழங்காலுக்கு வந்திருந்தது. அவன் திரும்பி உள்ளே போய்விட்டான்.

போனவன் ஒரு பழைய மீன்பிடி அங்கியைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். பின்னால் ஞானமலர் ஒரு கயிற்றோடு. உதயகுமாரி கையில் இருந்த மண்வெட்டியைப் பார்த்து, அவன் ஒரு அடி பின்வாங்கினான்.

"அது வேண்டாம். மற்றதெல்லாம் செய்வன்," என்றான்.

கம்பி அடைப்பின் பக்கம் போய் வயிறு படப் படுத்தான். இரண்டு கையையும் தோள்மட்டும் தண்ணீருக்குள் விட்டு, கிளைகளைப் பிடுங்கிப் பின்னால் எறிந்தான். ஞானமலர் அவற்றை இழுத்து ஒதுக்கினாள். உதயகுமாரி மண்வெட்டியைப் போட்டுவிட்டு வாரியை எடுத்து இலைகளை வாரினாள். ஒரு கட்டத்தில் அடைப்பின் ஒரு மூலை விட்டது. தண்ணீர் ஒரு இழுப்பு இழுத்தது, பிலேந்திரனின் கால்கள் சேற்றில் வழுக்கின. ஞானமலர் அவனுடைய பேரைச் சொல்லிக் கத்தினாள்.

பின்பக்கத்தைப் பார்க்கக் கட்டடத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்த மேரினுக்கு அந்தக் கத்தல் கேட்டிருக்க வேண்டும். மஞ்சள் மழையங்கியோடு சரிவில் இறங்கி வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. சேற்றில் முழங்காலிட்டு உட்கார்ந்து பிலேந்திரனின் இடுப்பு வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நாற்பது வருடம் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டிய கைகள் அவை. அவன் திரும்பிப் பார்த்தான். பிடி, நான் விடமாட்டேன் என்றார் அவர் நோர்வே மொழியில். அவன் மறுபடி தண்ணீருக்குள் கையை விட்டான்.

கடைசிக் கிளை வெளியே வந்ததும் குளம் பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தத்தோடு குழாய்க்குள் இறங்கியது. அதற்குள் குகநேசனும் மற்றவர்களும் ஓடிவந்து கரையை மூட்டைகளால் கட்டிவிட்டார்கள். டி வாசல் நிலவறையில் கொஞ்சம் தண்ணீர் போகத்தான் செய்தது. மற்ற வாசல்கள் தப்பின. பிலேந்திரனின் கைகள் இரண்டிலும் கம்பி கிழித்து இரத்தம் வழிந்தது. மேரின் அவனைத் தன் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கழுவி, மருந்து போட்டு, கட்டுக் கட்டினார். இவ்வளவு நாளும் ஏன் வரவில்லை என்று அப்போதும் அவர் கேட்கவில்லை.

புயலுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமையில் மிச்சத் துண்டை எல்லா வாசல்காரரும் சேர்ந்து வெட்டி முடித்தார்கள். இனித் துண்டு பிரிப்பது இல்லை, படம் போடுவதும் இல்லை என்று உதயகுமாரி குழுவில் சொன்னபோது, ஆட்கள் குறைந்துவிடுவார்கள் என்று மேரின் எச்சரித்தார். அடுத்த வருடம் குறையத்தான் செய்தார்கள். வந்தவர்களை வைத்துக்கொண்டு கொஞ்சம் கூடுதல் நாள் எடுத்து முடித்தார்கள். அவளுக்கும் மேரினுக்கும் அந்த விஷயத்தில் இன்றுவரை உடன்பாடு இல்லை. பிலேந்திரன் மண் வெட்ட வருவதில்லை. ஆனால் வேலையால் வரும்போது பின்பக்கமாக நடந்து, கம்பி அடைப்பில் இலை சேர்ந்திருந்தால் கையால் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் போவான். அதைச் செய்யச் சொல்லி யாரும் அவனிடம் கேட்டதில்லை.

புயலுக்குப் பிறகு வந்த தை மாதத்தில் ஞானமலர் கீழே வந்து, சூசைரட்ணம் மச்சானுடைய திவசத்துக்குப் பூசை குடுத்திருக்கிறம், பிறகு வீட்டை சாப்பாடு, இரண்டு பேரும் வரவேணும் என்று சொல்லிவிட்டுப் போனாள். இத்தனை வருடத்தில் அந்த வீட்டுக்குள் உதயகுமாரி கால் வைத்ததில்லை. உள்ளே போனபோது மேரின் ஏற்கெனவே சோபாவில் இருந்தார், கையில் வெள்ளைத் துலிப் பூக்கள், எங்கே வைப்பதென்று தெரியாமல். அவரைக் கூப்பிட்டது பிலேந்திரன்தான்.

சுவரில் மாதா படத்துக்குக் கீழே ஒரு இளைஞனின் படம். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியது, அதனால் கலங்கலாக இருந்தது. சாப்பிட உட்காரும் முன் பிலேந்திரன் அந்தப் படத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு, ஓட்டுநர் வேலைக்காகக் கற்ற சுருக்கமான நோர்வே மொழியில் மேரினுக்குச் சொன்னான். கதவில் ஒட்டிய துண்டு, காய்ச்சல், தன் பெயரில் அண்ணன் போனது, மண். ஐந்தாறு வசனம்தான். உதயகுமாரி தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கையெழுத்தில் ஒட்டியிருந்த அந்த மற்றத் துண்டைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் யோசனை சொன்ன மேரினுக்கு அது தெரியும். அவர் முகம் மெல்லச் சிவந்து பிறகு வெளுத்தது. மன்னிப்புக் கேட்பாரோ என்று உதயகுமாரி நினைத்தாள்.

மேரின் கேட்டது வேறு. எழுந்து படத்துக்குக் கிட்டப் போய், "அவர் எப்படிப்பட்ட ஆள்?" என்றார்.

பிலேந்திரன் படத்தைத் திரும்பிப் பார்த்தான். அண்ணன் எப்படிச் செத்தான் என்று கேட்டவர்கள் பலர். அகதி விண்ணப்பத்தின்போது அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. அவன் நோர்வே மொழியில் தொடங்கினான், சொல் கிடைக்காமல் தமிழுக்கு வந்தான், உதயகுமாரி மொழிபெயர்த்தாள்.

கோயில் பாடகர் குழுவில் அண்ணனுக்குச் சுருதியே நிற்காதாம். ஆனாலும் எல்லாரையும் விடச் சத்தமாகப் பாடுவானாம். பங்குத்தந்தை அவனைப் பின்வரிசையில் விட்டாராம், அங்கிருந்து இன்னும் சத்தம். கடற்கரையில் பிறந்தவன், நண்டைக் கண்டால் பயம். காசு கையில் தங்காது, சைக்கிளுக்குக் காற்றடிக்க மாட்டான், அம்மாவைக் கண்டால் கள்ளன் மாதிரிப் பதுங்குவான். சொல்லச் சொல்லப் பிலேந்திரனின் குரல் வேகமெடுத்தது. நடுவில் ஞானமலர், இது எனக்கே நீங்கள் சொல்லேல்லை என்றாள். அவன் கையைக் காட்டி அண்ணன் நண்டைக் கண்டு கட்டிலில் ஏறி நின்ற விதத்தை நடித்துக் காட்டினான். மேரின் வாய்விட்டுச் சிரித்தார், உடனே வாயைப் பொத்திக்கொண்டார். சிரியுங்கோ, சிரியுங்கோ என்றான் அவன் தமிழிலேயே.

சோறு ஆறிப்போனது. ஞானமலர் எல்லாத் தட்டையும் திரும்ப எடுத்துக்கொண்டு போய், மீன் குழம்பைச் சுடவைத்துக்கொண்டு வந்தாள்.